பதின்ம வயதுப் பிள்ளைக்கு இந்தப் படம் பொருந்துமா?



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் போதும், பல வீடுகளில் ஒரே கேள்விதான். “அப்பா, இந்தப் படத்தைப் பார்க்கட்டுமா? என் வகுப்பில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.” முன்பு இதற்கு விடை சொல்லும் வேலையைத் திரையரங்கு வாசலில் நின்ற ஊழியரே பார்த்துக்கொண்டார். அடையாள அட்டையைக் கேட்பார்; வயது போதவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். பெற்றோருக்குக் கெட்ட பெயர் இல்லை. இன்று படம் வரவேற்பறைத் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் காத்துக்கொண்டிருக்கிறது. வாசலில் நிற்க வேண்டியவர் இப்போது அம்மாவோ அப்பாவோதான்.

காதல் காட்சிகள் மிகுந்த படம் என்றால் பெற்றோருக்குக் குழப்பமே இல்லை. ரிமோட்டை எடுத்து நிறுத்திவிடுவார்கள். பேய்ப்படம் என்றால், “இரவில் தூக்கம் வராது, வேண்டாம்” என்று ஒரே பேச்சில் முடிந்துவிடும். தடுமாற்றம் எல்லாம் அறிவியல் புனைகதைச் சண்டைப் படங்களில்தான். எந்திரம், விண்வெளி, எதிர்காலம் என்றதும் இது அறிவுக்கு நல்லது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அடிபடுவது உலோகம்தானே, மனிதன் இல்லையே என்ற சமாதானமும் கூடவே வருகிறது. இந்த இரண்டையும் நம்பித்தான் பல பெற்றோர் அனுமதி கொடுக்கிறார்கள். இரண்டுமே பாதி உண்மை.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் விடை கிடைக்காது. ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. ஜேம்ஸ் கேமரன் இயக்கி 1991 ஜூலையில் வெளிவந்த ‘டெர்மினேட்டர் 2: ஜட்ஜ்மென்ட் டே’ அதற்குப் பொருத்தமான படம். பழைய படமாயிற்றே என்று நினைக்க வேண்டாம். அன்று பதின்மூன்று, பதினான்கு வயதில் அதைப் பார்த்து வியந்தவர்கள் இன்று அதே வயதுப் பிள்ளைகளுக்குத் தந்தையர். 2017இல் அது முப்பரிமாணப் படமாகத் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தது. தாம் ரசித்த படத்தைத் தம் மகனுக்கும் மகளுக்கும் காட்ட வேண்டும் என்ற ஆசை தந்தையருக்கு இருப்பது இயல்புதான். “நானும் அந்த வயதில் பார்த்தவன்தானே, கெட்டா போய்விட்டேன்?” என்பார் அப்பா. “அந்தச் சத்தமும் ரத்தமும் பிள்ளைக்கு எதற்கு?” என்பார் அம்மா. பிள்ளையோ இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை சுருக்கமாக. ‘ஸ்கைநெட்’ என்ற கணினி அமைப்பு தானாகச் சிந்திக்கத் தொடங்கி, 1997 ஆகஸ்ட் 29ஆம் தேதி அணுகுண்டுப் போரை மூட்டிவிடுகிறது. முந்நூறு கோடிப் பேர் மாண்டுபோகிறார்கள். மிஞ்சிய மனிதர்களை ஒன்றுதிரட்டி எந்திரங்களை எதிர்க்கப்போகும் தலைவன் ஜான் கானர். அவன் பத்து வயதுச் சிறுவனாக இருக்கும்போதே தீர்த்துக்கட்ட எதிர்காலத்திலிருந்து ஓர் எந்திரம் வருகிறது. உருகிய உலோகமாய் எந்த உருவத்தையும் எடுக்கக்கூடியது அது. அவனைக் காக்க இன்னோர் எந்திரமும் அனுப்பப்படுகிறது. அதுதான் அர்னால்ட் சுவார்ஸ்நேகர். 1984இல் வந்த முதல் படத்தில் ஜானின் தாய் சாராவைக் கொல்லத் துரத்தியதும் அதே முகம் கொண்ட எந்திரம்தான். சிறுவனாக நடித்த எட்வர்ட் ஃபர்லாங்குக்குப் படப்பிடிப்பின்போது உண்மையில் பதின்மூன்று வயது. அதனால்தானோ என்னவோ, பதின்ம வயதுப் பிள்ளைகள் அவனைத் தங்களில் ஒருவனாகவே பார்க்கிறார்கள்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

படத்தின் மேலுறையில் இருக்கும் வயதுக் குறியீட்டைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குறியீடு எந்த நாட்டுடையது, அதன் பொருள் என்ன என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்தப் படத்துக்குக் கிடைத்தது ‘ஆர்’. இதைப் பலர் ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பதினேழு வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோருடனோ ஒரு பெரியவருடனோ வர வேண்டும் என்பதே அங்கு விதி. அதாவது முடிவு கடைசியில் பெற்றோர் கையில்தான். பிரிட்டனில் இதற்குப் பதினைந்து வயது. அங்கே தந்தை கையைப் பிடித்துக்கொண்டு போனாலும் பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் திரையரங்கில் இடமில்லை.

சிங்கப்பூரில் வயதுவாரியாகப் படங்களைப் பிரிக்கும் முறை தொடங்கியதும் இதே 1991 ஜூலையில்தான். ‘என்சி16’ 1993இலும், ‘எம்18’ 2004இலும், ‘பிஜி13’ 2011இலும் சேர்ந்தன. இதில் ‘பிஜி13’ என்பது பெற்றோருக்குத் தரும் அறிவுரை மட்டுமே. ‘என்சி16’ அப்படியல்ல, பதினாறு வயது நிரம்பாதவரைப் பெற்றோர் உடன் வந்தாலும் திரையரங்கு உள்ளே விடாது. அமெரிக்க இணையத்தளம் ஒன்றில் “பெற்றோருடன் பார்க்கலாம்” என்று படித்துவிட்டு, பிள்ளைகளை அழைத்துப்போய் வாசலில் ஏமாந்து திரும்பும் குடும்பங்கள் இந்த வேறுபாட்டை அறியாதவைதான். தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் இணையத்தளத்தில் படத்தின் பெயரைத் தட்டினால், அதன் வகையோடு வன்முறை, தகாத சொற்கள் போன்ற காரணங்களும் ஓரிரு சொற்களில் இருக்கும். மலேசிய நேயர்களுக்கு அங்குள்ள திரைப்படத் தணிக்கை வாரியத்தின் வகைகள் உண்டு. அங்கே பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாறு, பதினெட்டு என்று படிகள் இருக்கின்றன.

ஆக, ஒரே படம்; நாட்டுக்கு ஒரு கோடு. ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டுப் பிள்ளையைவிட இரண்டு ஆண்டு முன்னதாக முதிர்ந்துவிடுவதில்லை. தணிக்கையாளர்கள் எண்ணுவது எண்ணக்கூடியவற்றை: எத்தனை கெட்ட வார்த்தை, எவ்வளவு ரத்தம், எவ்வளவு நிர்வாணம். எண்ண முடியாத ஒன்று இருக்கிறது. படத்தில் ஒருவன் சாகும்போது அந்தச் சாவுக்குப் படம் என்ன மதிப்புக் கொடுக்கிறது என்பதுதான் அது. பெற்றோர் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இதற்கு ஓர் எதிர் உதாரணம் வேண்டுமானால் 2011இல் வந்த ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: டார்க் ஆஃப் த மூன்’ படத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் அது ‘பிஜி13’. சிக்காகோ நகரமே தூளாகிறது. ஓடுகிற மனிதர்கள் ஒரு நொடியில் சாம்பலாகிறார்கள். ரத்தம் இல்லை, ஆகவே பதின்மூன்று வயதுக்கு ஏற்றது! செத்தவர்களுக்காக அழ ஒருவரும் இல்லை. அடுத்த காட்சியில் வெடி இன்னும் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ‘பிஜி13’ என்ற வகையே 1984இல் பிறந்த கதையும் வேடிக்கையானது. அந்த ஆண்டு வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்’, ‘கிரெம்லின்ஸ்’ ஆகிய படங்களைப் பிள்ளைகளோடு பார்த்த பெற்றோர் கொதித்துப்போனார்கள். முதல் படத்தை இயக்கிய, இரண்டாவது படத்தின் தயாரிப்பில் பங்கேற்ற ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கே இடையில் ஒரு வகை வேண்டும் என்று யோசனை சொன்னார். பெற்றோரை எச்சரிக்க வந்த அந்தக் குறியீடு, பின்னாளில் பதின்ம வயதினரின் காசைத் திரையரங்குக்கு இழுக்கும் குறியீடாகிவிட்டது. டெர்மினேட்டர் வரிசையில்கூட 2009, 2015ஆம் ஆண்டுப் படங்கள் ‘பிஜி13’ ஆகத்தான் வெளிவந்தன.

வியாபாரிகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பெரியவர் துணையின்றிப் பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்ற ‘டெர்மினேட்டர் 2’ படத்துக்காகவே விளையாட்டுப் பொம்மைகள் கடைக்கு வந்தன. 1987இல் வந்த ‘ரோபோகாப்’ அதைவிடக் கொடுமை. கை துண்டாகும் காட்சி கொண்ட அந்தப் படத்தை வைத்து மறு ஆண்டே சிறுவர்களுக்குக் கேலிச்சித்திரத் தொடர் எடுத்துவிட்டார்கள். பொம்மைக் கடையில் இருக்கிறதே, சின்னப் பிள்ளைக்கு உரியதாகத்தானே இருக்கும் என்று நம்பிய பெற்றோரை எப்படிக் குறை சொல்வது?

படத்துக்குள் என்ன இருக்கிறது?

இனி அந்தப் படத்துக்கே வருவோம். மொத்தம் 137 நிமிடம். துரத்தல்களும் வெடிகளும் பிள்ளைகளைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அவற்றைக் கணினி விளையாட்டுகளில் போதுமான அளவு பார்த்துவிட்டார்கள். கவனிக்க வேண்டிய இடங்கள் வேறு.

முதலாவது, வளர்ப்புப் பெற்றோர் வீடு. ஜானை வளர்க்கும் பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொண்ட எதிரி எந்திரம், அவனுடன் தொலைபேசியில் அன்பாகப் பேசுகிறது. அருகே பால் குடித்துக்கொண்டு நிற்கும் வளர்ப்புத் தந்தையை, பேச்சை நிறுத்தாமலே, கையை வாளாக்கி வாய் வழியாகக் குத்திக் கொன்றுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ரத்தம் குறைவு. ஆனால் அம்மாவின் குரல், அம்மாவின் முகம், சமையலறை, பால். இதில் இருக்கும் அச்சம் வேறு வகை. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு இந்த ஒரு காட்சி போதும், பல இரவுகளுக்கு.

இரண்டாவது, மனநல மருத்துவமனை. சாராவை அங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள். கட்டிலில் கட்டப்பட்டுக் கிடக்கும் அவள் முகத்தை ஓர் ஊழியன் நாக்கால் நக்குகிறான். சில நொடிகள்தான். எந்திரங்கள் நிறைந்த இந்தப் படத்தில் மிகவும் அருவருப்பான செயலைச் செய்பவன் ஒரு மனிதன். பதின்ம வயது மகளோடு பார்க்கும் பெற்றோர், அந்த இடத்தில் ரிமோட்டைத் தேடிக் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளாமல், அவன் செய்தது குற்றம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. இதே மருத்துவமனையில்தான் தரையோடு தரையாகக் கிடந்து எழும் எந்திரம் ஒரு காவலாளியின் கண் வழியே குத்துகிறது.

மூன்றாவது, சாரா காணும் கனவு. விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் ஊஞ்சலாடுகிறார்கள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கத்துகிறாள், ஒருவருக்கும் கேட்கவில்லை. அணுகுண்டு வெடிக்கிறது. தாய்களும் பிள்ளைகளும் எரிந்து சாம்பலாகிறார்கள். வேலியைப் பிடித்த நிலையிலேயே அவள் எலும்புக்கூடாகிறாள். படத்திலேயே கடுமையான காட்சி இது. தேவையில்லாமல் வைத்த காட்சி என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாக்கியிலும் நடந்ததைப் பள்ளி வரலாற்றில் படிக்கும் வயதுதான் உயர்நிலைப் பள்ளி வயது. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக இருப்பது இங்கே உருவம் பெறுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது சிந்தனை. பத்து வயதுப் பிள்ளைக்கு வெறும் பீதி.

இவை போக, வசைச் சொற்கள் நிறைய உண்டு. பத்து வயதுப் பையன் வாயிலிருந்தே வருகின்றன. திருட்டு அட்டையைச் செருகிப் பண இயந்திரத்திலிருந்து அவன் பணம் எடுக்கும் காட்சியும் உண்டு. படம் அதை ஒரு சாமர்த்தியமாகவே காட்டிச் சிரிக்க வைக்கிறது. இதைப் பார்த்துப் பிள்ளை திருடிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் படம் எல்லா இடத்திலும் நியாயமாக நடந்துகொள்கிறது என்று யாரும் சான்றிதழ் தரவும் வேண்டாம்.

இவ்வளவும் ஒரு தட்டில். மறு தட்டில் என்ன இருக்கிறது?

படத்தில் ஓர் இடம். எந்திரம் தன் சொல்லைக் கேட்கும் என்று கண்டுபிடித்த பையனுக்குப் பெருமை தாங்கவில்லை. தன்னிடம் வம்புக்கு வந்த இருவரை அடக்கச் சொல்கிறான். அதுவோ துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடவே போகிறது. பதறிப்போய்க் கையைத் தட்டிவிடுகிறான் பையன். மனிதர்களை அப்படிக் கொல்லக்கூடாது என்று கத்துகிறான். ஏன் என்று கேட்கிறது எந்திரம். பையனிடம் பதில் இல்லை. கூடாது என்றால் கூடாது, நம்பு என்கிறான். அதற்குமேல் அவனால் சொல்ல முடியவில்லை. பிறகு இனி யாரையும் கொல்வதில்லை என்று அதனிடம் சத்தியம் வாங்குகிறான்.

அதற்குப் பின் படத்தின் சண்டைகளே மாறிவிடுகின்றன. எந்திரம் காலில் சுடுகிறது, உயிரை விட்டுவிடுகிறது. ஒரு கட்டடத்தைச் சுற்றி வளைத்த காவல்துறையின் வண்டிகளை எல்லாம் சுட்டுத் தள்ளுகிறது. முடிந்ததும் அதன் கண் முன்னே எழும் கணக்கு: மனித உயிரிழப்பு 0.0. இதைப் பார்த்து அரங்கமே சிரிக்கும். சிரிக்கட்டும். முழங்காலில் சுடுவது விளையாட்டா என்று கேட்கத் தெரிந்த பிள்ளை கேட்கட்டும். கொலை செய்யக்கூடாது என்பதையே சண்டையின் விதியாக வைத்துக்கொண்ட சண்டைப் படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல் படத்தில் காவல் நிலையத்துக்குள் புகுந்து காவலர்களைச் சுட்டுக் குவித்த அதே உருவம் இங்கே இப்படி நடந்துகொள்கிறது.

இன்னோர் இடம். ஸ்கைநெட்டுக்கு அடித்தளம் இடப்போகும் கணினி வல்லுநர் மைல்ஸ் டைசன். அவரைக் கொன்றுவிட்டால் போர் வராது என்று முடிவுசெய்து சாரா துப்பாக்கியோடு அவர் வீட்டுக்குப் போகிறாள். முந்நூறு கோடி உயிரைக் காக்க ஓர் உயிர். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பாவைச் சுடாதே என்று டைசனின் சின்ன மகன் குறுக்கே விழுகிறான். சாராவால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்து அழுகிறாள். இவ்வளவு நேரம் எந்திரம் மனிதனாகிக்கொண்டிருந்தது, மனுஷி எந்திரமாகிக்கொண்டிருந்தாள். அதை அவளே அந்த நொடியில் கண்டுகொள்கிறாள். பதினாறு வயதுப் பிள்ளையோடு ஒரு மணி நேரம் விவாதிக்கக்கூடிய கேள்வி இது. துணைப்பாட ஆசிரியருக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

பெற்றோர் மனத்தைச் சுடும் காட்சி ஒன்றும் உண்டு. மருத்துவமனையிலிருந்து தப்பிய காரில் சாரா மகனை இழுத்து அணைக்கிறாள். அம்மா தன்னைக் கட்டிக்கொள்கிறாள் என்று பையன் நினைக்கிறான். அவளோ எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தன்னைக் காப்பாற்ற வந்ததற்காக அவனைத் திட்டவும் திட்டுகிறாள். பையன் கண் கலங்குகிறது. கண்ணில் என்ன கோளாறு என்று கேட்கிறது எந்திரம். பிள்ளைக்கு எல்லாம் செய்துவிட்டு, பிள்ளையிடம் ஒரு நல்ல வார்த்தை பேச மறந்துபோன அம்மா, அப்பாக்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! மதிப்பெண்ணைக் கேட்போம், சாப்பாட்டைக் கேட்போம், அதோடு சரி. இந்தக் காட்சியில் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். பக்கத்தில் இருக்கும் பெரியவரும்தான்.

நமக்குத் தெரிந்த எந்திரன்

ஆங்கிலப் படம் என்றால் நூறு கேள்வி. தமிழ்ப் படம் என்றால் பாட்டி முதல் பேத்தி வரை ஒரே வரிசையில் இருக்கை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஷங்கர் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்து 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தைக் குழந்தைகளோடு பார்க்காத தமிழ்க் குடும்பம் இங்கே அரிது. சிட்டி செய்யும் வேடிக்கைகளைப் பார்த்துக் கைதட்டாத பிள்ளையும் இல்லை. (அந்தப் படத்தின் எந்திரப் பொம்மைகளில் கைவண்ணம் காட்டிய லெகசி எஃபெக்ட்ஸ் நிறுவனம், டெர்மினேட்டர் எந்திரத்தை உருவாக்கிய ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறையில் வளர்ந்தவர்கள் தொடங்கியது. அந்த வகையில் சிட்டியும் அர்னால்டும் தூரத்து உறவு.)

அந்தப் படத்தில் ஒரு தீவிபத்து. சிட்டி நெருப்புக்குள் புகுந்து பலரைக் காப்பாற்றுகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து, கூட்டமும் தொலைக்காட்சிக் கேமராக்களும் பார்க்க வெளியே நிறுத்திவிடுகிறது. அந்தப் பெண் வெட்கம் தாங்காமல் ஓடி, வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். உயிரைக் காக்கத் தெரிந்த எந்திரத்துக்கு மானம் என்றால் என்னவென்று தெரியவில்லை என்பதுதான் படம் சொல்ல வந்த கருத்து. ஆனால் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளையின் மனத்தில் விழுவது அந்தக் கருத்தா? பிறர் கண்ணில் பட்டுவிட்டால் செத்துப்போவதுதான் வழி என்பதா? கைத்தொலைபேசியில் ஒரு படம் பரவிவிட்டதே என்று பிள்ளைகள் துடித்துப்போகும் காலம் இது. அந்தக் காட்சி முடிந்ததும் படத்தை ஒரு நிமிடம் நிறுத்தி, “இதில் அந்தப் பெண்ணின் தவறு எதுவுமே இல்லை, எது நடந்தாலும் வீட்டுக்கு ஓடி வா” என்று மகளிடம் சொன்ன பெற்றோர் எத்தனை பேர் இருப்பார்கள்? தமிழ்தானே, குடும்பப் படம்தானே என்ற நம்பிக்கையில் அந்த இடம் பேச்சில்லாமல் கடந்துபோயிற்று.

சரி, காட்டலாமா, வேண்டாமா?

‘டெர்மினேட்டர் 2’ படத்தைப் பொறுத்தவரை பிரிட்டன் போட்ட கோடு நியாயமாகவே இருக்கிறது. பதினைந்து வயதுக்கு மேல் தடை சொல்லக் காரணமில்லை. பன்னிரண்டும் அதற்குக் கீழும் காத்திருக்கலாம். படம் எங்கும் ஓடிவிடாது. சிக்கல் பதின்மூன்று, பதினான்கில்தான். அங்கே பிள்ளையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். செய்தியில் போர்க் காட்சி வந்தால் இரவு விளக்கை அணைக்க விடாத பிள்ளையா? அண்மையில் வீட்டில் ஒரு மரணமோ மணமுறிவோ நடந்திருக்கிறதா? அம்மாவை விட்டுப் பிரிந்து இருக்கும் பிள்ளையா? அப்படியானால் ஓர் ஆண்டு தள்ளிப்போடுவதே நல்லது. சுட்டதும் ரத்தம் தெறித்ததும் கைகொட்டிச் சிரிக்கும் பிள்ளைக்கும் இப்போது வேண்டாம், காரணம்தான் வேறு. மற்றபடி, கேட்டதற்குப் பதில் சொல்லும், பிடிக்காவிட்டால் எழுந்து போகத் தயங்காத பிள்ளை என்றால் பெற்றோர் பக்கத்தில் இருந்து காட்டலாம்.

பக்கத்தில் இருப்பது என்றால் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு ஒரே சோபாவில் இருப்பதல்ல. முதலில் பெற்றோர் தனியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும். முப்பது ஆண்டுக்கு முன் பார்த்த நினைவை நம்பக்கூடாது. அர்னால்டின் மோட்டார் சைக்கிள்தான் நினைவில் நிற்கும். பால் பெட்டி மறந்துபோயிருக்கும். திரையரங்கில் வந்த படமும், பின்னர் குறுந்தட்டில் வந்த நீண்ட பதிப்பும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்கவும். பிறகு பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: “ஆரம்பத்தில் ஒரு வீட்டுக் காட்சி வரும், கொஞ்சம் பயங்கரம், நடுவில் ஒரு கனவு வரும்.” சுவை கெட்டுவிடாது. பயம் வரும் இடம் தெரிந்தால் பிள்ளை தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும். நிறுத்தச் சொன்னால் கேலி செய்யாமல் நிறுத்திவிட வேண்டும். “ஆம்பிளைப் பிள்ளை இதுக்குப் பயப்படலாமா?” என்ற ஒரு வார்த்தை போதும், அடுத்த முறை பயந்தாலும் சொல்ல மாட்டான்.

வேண்டாம் என்று முடிவு செய்தாலும் காரணத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். “எனக்குப் பிடிக்கல, பேசாம இரு” என்றால், அடுத்த நாளே நண்பன் வீட்டில் சிறிய திரையில் துண்டு துண்டாகப் பார்த்துவிட்டு வருவான். “இந்தக் காட்சி இப்படி இருக்கிறது, உனக்கு அடுத்த ஆண்டு காட்டுகிறேன்” என்றால் முகம் சுளிப்பான். ஆனால் அந்த அடுத்த ஆண்டை நினைவில் வைத்திருப்பான். சொன்னபடி அடுத்த ஆண்டு காட்டியும் ஆக வேண்டும்.

கடைசியாக, வீட்டில் தங்கை, தம்பி இருந்தால் என்ன செய்வது? இதற்குப் படத்துக்குள்ளேயே ஒரு காட்சி இருக்கிறது. தான் எந்திரம் என்று டைசனுக்கு நிரூபிக்க அர்னால்ட் தன் கைத்தோலைக் கத்தியால் அறுத்துக் காட்ட வேண்டும். அதற்கு முன்னே ஜான், டைசனின் சின்ன மகனைக் கூப்பிட்டு, உன் அறையைக் காட்டு என்று உள்ளே அழைத்துப்போய்விடுகிறான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினான்கு வயது அண்ணன் படம் பார்க்கும் நாளில் எட்டு வயதுத் தங்கைக்கு அதேபோல் ஒரு வழி செய்துவிட வேண்டும். தாத்தா, பாட்டி வீடு பக்கத்துப் புளோக்கில் இருந்தால் அங்கே அனுப்பலாம். இல்லாவிட்டால் உள் அறையில் அவளுக்குப் பிடித்த படம் ஒன்றைப் போட்டுவிட்டு, அம்மாவோ அப்பாவோ ஒருவர் அவளோடு இருந்துகொள்ளலாம். கதவைச் சாத்தினால் மட்டும் போதாது. வீவக வீட்டுச் சுவர்களைத் தாண்டி அந்த வெடிச் சத்தம் கேட்கும். ஒலியையும் குறைத்து வையுங்கள்.